வெந்த உடம்பு

அம்மை வீட்டுக்கு அடையாளமாகக் கதவில் கட்டிய சிவப்புத் துணியை அவிழ்க்கிற நாள். லாமெய் கருக்கலிலேயே எழுந்து அரிசி மாவைப் பிசைந்து, முள்ளங்கித் துருவலும் மிளகாயும் உள்ளே வைத்துக் கொழுக்கட்டைகளை மூங்கில் தட்டில் அடுக்கி ஆவிக்கு ஏற்றியிருந்தாள். மூன்று வாரமாக அந்த வீட்டில் எண்ணெய் காயவில்லை. மிளகாய் வதங்குகிற நெடி அம்மைத் தாய்க்கு ஆகாது. இன்றைக்கு அவளைக் காகிதப் படகில் ஏற்றி ஆற்றில் விட்டுவிட்டால் நாளையிலிருந்து வழக்கம்போல எண்ணெய்ச் சட்டி ஏற்றலாம்.

மகன் ஷிதோவுக்கு நாலு வயசு. உலர்ந்த அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதி அம்மை நட்டு இருபத்துமூன்று நாள். ஏழாம் நாள் சுரம் வந்தது, பத்தாம் நாள் முத்து எழும்பியது. முகத்தில் ஐந்து, முதுகில் நாலு, முழங்காலில் ரெண்டு. அதைப் பார்த்துப் பாங் வைத்தியர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பதினொண்ணே பதினொண்ணு! முப்பது வருசமா நடுறேன், இம்புட்டு ஒழுங்கா முளைச்ச பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிரலாம்." பொருக்கெல்லாம் உதிர்ந்து பையன் இப்போது பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டிக்கொண்டு திரிந்தான். அவன் உடம்பு வெந்துவிட்டது.

அந்தச் சூளை ஊரில் மனிதர்கள் இரண்டே வகை. வெந்த உடம்புக்காரர்கள், வேகாத உடம்புக்காரர்கள். களிமண்ணில் வனைந்த பச்சைக் கிண்ணத்தைத் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகும். ஒருமுறை தீயில் வெந்துவிட்டதென்றால் நூறு வருசம் ஆற்றடியில் கிடந்தாலும் கிண்ணம் கிண்ணம்தான். உடம்பும் அப்படித்தான் என்று சக்கரம் சுற்றுகிறவன் முதல் விறகு சுமக்கிறவன் வரை எல்லாருக்கும் தெரியும். அம்மை ஒருதடவைதான் வரும். வந்து பிழைத்தவன் வெந்தவன். பெண் கொடுப்பதானாலும் வேலைக்கு ஆள் எடுப்பதானாலும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தழும்பில்லாத முகத்தைப் பார்த்தால் உதடு பிதுங்கும்.

ஃபெங் மேஸ்திரி சூளைக்குள் அடுக்குகிற வேலைக்குத் தழும்பு முகத்தைத் தவிர வேறு முகத்தை எடுப்பதில்லை. பீங்கானை உள்ளே வைத்து மூடிய கனத்த மண்கூடுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கித் தோளில் ஏற்றி, போன சூட்டின் வெக்கை இன்னும் தணியாத சூளைக்குள் நடக்க வேண்டும். வேலை முடிகிறவரை இருபத்தாறு பேரும் ஒரே கொட்டகையில் ஒரே பலகையில் தோளோடு தோள் ஒட்டிப் படுப்பார்கள். முன்னொரு காலத்தில் அந்தப் பலகையில் ஒருத்தனுக்கு அம்மை கண்டு, ஒன்பது பேர் செத்து, சூளை அரைவேக்காட்டில் நின்றுபோனது. அதிலிருந்து இந்தச் சட்டம். வேகாதவனுக்கு ஆற்றங்கரையில் படகிலிருந்து பைன் விறகு இறக்குகிற வேலைதான்.

லாமெய்யின் புருசன் பாவோகென் சூளைக்குள் அடுக்குகிறவன். முகமெல்லாம் குழி குழியாகத் தழும்பு. பிள்ளைக்கு நட்டதிலிருந்து இருபது நாள் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டுவிட்டு முந்தாநாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

மதியம் தெருமுனையிலிருந்து தூவின் குரல் கேட்டது. "லாமெய்! உன் ஆளைக் கொண்டாந்துட்டேன். வந்து வாங்கிக்க!"

தூவும் பாவோகென்னும் ஒரே மலைக்காட்டுக் கிராமத்துக்காரர்கள், ஒரே பலகைக்காரர்கள். தூ ஆறு வயசு மூத்தவன். தூறலில் நனைந்துகொண்டு பாவோகென் தெருமுனைக் கிணற்றுக் கல்லில் குந்தியிருந்தான். லாமெய் கை மாவோடு ஓடினாள்.

"என்னண்ணே, குடிச்சிருக்காரா?"

"குடிச்சிருந்தா நான் எதுக்குத் தூக்கிட்டு வர்றேன்? நானும்ல கூடக் கிடந்திருப்பேன். இடுப்பு வலியாம். ரெண்டு நாளா மேல் சூடு. பலகையில படுத்து ராவெல்லாம் முனகுனா எவன் தூங்குறது? 'வீட்டுக்குப் போய் முனகு'ன்னுட்டான் மேஸ்திரி."

"இருபது நாளு பிள்ளையை மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டே உக்காந்திருந்தாரு. போன அன்னைக்கே ஆள் உயரம் தூக்குனா இடுப்பு சும்மா இருக்குமா?" அவள் புருசனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கை கொதித்தது. "உள்ள வாங்கண்ணே. கொழுக்கட்டை ஆயிருச்சு."

"இல்ல, போகணும்."

"இருபது நாளா இதே பாட்டுத்தான். மிளகாய் ஊறுகாயைக் கொண்டாந்து கிணத்தடியில வெச்சுட்டு ஓடுறது, மீனைக் கொண்டாந்து கிணத்தடியில வெச்சுட்டு ஓடுறது. வெந்த ஆம்பளை, சிவப்புத் துணியைக் கண்டா வேகாத பிள்ளை மாதிரி பம்முறீங்களே, வெக்கமா இல்ல?"

தூ சிரித்தான். "துணிக்கு யாரு பயந்தா? உன் சமையலுக்குத்தான்."

சொல்லிவிட்டு நடந்தான். நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பாவோகென்னைப் பார்த்தான். பாவோகென் தலையைத் தூக்கவில்லை.

அன்று லாமெய்யும் அடுத்த வீட்டுக் கெங் அக்காவும் மட்டும் போய்க் காகிதப் படகை ஆற்றில் விட்டுவிட்டு வந்தார்கள். விறகுப் படகுகள் நெருக்கியடித்து நின்றதில் அம்மைத் தாயின் படகு இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. கெங் அக்கா ஒரு கழியால் தள்ளிவிட்டாள்.

மறுநாள் சுரம் இறங்கவில்லை. லாமெய் இஞ்சியும் வெங்காயத் தாளும் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். முதுகில் எண்ணெய் போட்டு நீவினாள். பையனுக்கு நட்ட அன்றிலிருந்து புருசன் ராப்பகலாக அவனைத் தூக்கிச் சுமந்த அலுப்பு என்றுதான் அவள் நினைத்தாள். அப்படிச் சுமந்தான். முத்து அரிக்கிறதென்று பிள்ளை சிணுங்கினால் இவன் அதன் இரண்டு கையையும் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொள்வான். பிள்ளை அவன் தழும்புக் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணும். எண்ணத் தெரியாது, மூன்றுக்கு மேல் மறுபடி ஒன்று.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தபோதுதான் லாமெய் பார்த்தாள். நாக்கில், உள்கன்னத்தில், சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி. நெற்றியில் மயிர்க்கோட்டை ஒட்டி நாலு.

அவளுக்கு ஆறு வயசில் அம்மை வந்தது. இடது கண் அன்றைக்கு வெள்ளையானது. அண்ணன்மார் இரண்டு பேர் அதே வாரம் போனார்கள். அந்தப் புள்ளியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கிண்ணம் கையிலிருந்து நழுவி உடைந்தது. சத்தம் கேட்டுத்தான் கெங் அக்கா ஓடிவந்தாள்.

"அம்மை," என்றாள் லாமெய்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவன் வெந்தவன்டி."

"வந்து பாருக்கா."

கெங் அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு அப்படியே பின்னால் நடந்து சுவரில் முட்டி நின்றாள்.

ஒரு சோறு வேகிற நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வாசலில் கூட்டம். எல்லாரும் வெந்தவர்கள். எல்லார் முகத்திலும் அன்று புதுசாக ஒரு பயம். வெந்த உடம்பு மறுபடி வேகும் என்றால் இத்தனை நாள் எதை நம்பிப் பிழைத்தோம்? சுட்ட செங்கல் தண்ணீரில் கரைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் தன் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பாங் வைத்தியர் வந்தபோது கெங் அக்கா அவர் கைப்பையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு தடவை வந்தா வராதுன்னு சொல்லித்தானே எம்பொண்ணு மூக்குல ஊதுனீங்க? இதோ வந்திருக்கே! வெந்தவனுக்கே வந்திருக்கே! எம்பொண்ணுக்கு என்ன பதில்?"

"இரும்மா, பாக்கவிடு."

"என்னத்தைப் பாக்குறது? வித்தையெல்லாம் பொய்யா?"

வைத்தியர் பையை விடுவித்துக்கொண்டார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பாவோகென்னைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாக்கைப் பார்த்தார். கை நாடியைப் பிடித்தார்.

"முப்பது வருசம்," என்றார் மெதுவாக. "ஒருத்தனுக்கும் ரெண்டாம் தடவை பார்த்ததில்ல. எங்கப்பாவும் பார்த்ததில்ல." பிறகு, "சுடுதண்ணி கொண்டா, துணி கொண்டா," என்றார்.

ஈரத் துணியால் அவன் முகத்தைத் துடைத்தார். ஒன்பது வருசத்துப் புகையும் சாம்பலும் ஏறிய முகம். கட்டைவிரல் நகத்தால் ஒரு குழியின் அடியைத் தடவினார். அடுத்த குழி. அதற்கடுத்தது. விரல் நின்றது.

"உனக்கு எந்த வயசுல வந்துச்சு தம்பி?"

"சின்னதுல." குரல் கரகரத்தது.

"கூட யாருக்கெல்லாம் வந்துச்சு?"

பாவோகென் கண்ணைத் தாழ்த்தினான்.

"அம்மை ஊருக்குள்ள வந்து ஒருத்தனை மட்டும் பாத்துட்டுப் போகாது. அண்ணன் தம்பிக்கு வந்துச்சா? பக்கத்து வீட்டுக்கு? யாரு செத்தா? ஒரு பேரு சொல்லு."

ஒரு பேரும் வரவில்லை.

"லாமெய், இவன் முதுகுல தழும்பு உண்டா? தொடையில?"

லாமெய் வாயைத் திறந்தாள். ஒன்பது வருசமாக அவள் தேய்த்துவிட்ட முதுகு. வேலை முடிந்து வருகிறவனைத் தொட்டியில் உட்காரவைத்து, பீர்க்கங்கூட்டால் சாம்பலெல்லாம் போகத் தேய்ப்பாள். வழவழவென்று, பலகை மாதிரி முதுகு. அம்மைத் தாய் முகத்தோடு விட்டாளே, புண்ணியம் என்று ஒருநாள் சொல்லிக்கூட இருக்கிறாள். அப்போது அவன் சிரித்தானா? அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

"அம்மைக் குழின்னா அடி சொரசொரன்னு இருக்கும், விளிம்பு வெட்டுன மாதிரி இருக்கும்," என்றார் வைத்தியர், வாசல் கூட்டத்துக்கும் கேட்கும்படி. "இது முட்டை ஓடு மாதிரி வழவழன்னு இருக்கு. தீப்புண்ணு ஆறுன தழும்பு. இவனுக்கு அம்மை வந்ததே இல்ல. இதுதான் முதல் தடவை."

வாசலில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஆறுதல் பெருமூச்சு. வெந்தது வெந்ததுதான், அவர்கள் உலகம் அப்படியேதான் இருந்தது. அந்தப் பெருமூச்சைக் கேட்டபோது லாமெய்க்கு வெளியே போய் அத்தனை பேரையும் விறகுக் கட்டையால் அடிக்கவேண்டும் போல இருந்தது.

"எதுல சுட்ட?" என்று கேட்டார் வைத்தியர்.

"ஊதுபத்தி," என்றான் பாவோகென். "நாப்பது இடம். புண்ணு ஆற ஒரு மாசம் ஆச்சு. ஆறுனதும் மேஸ்திரி முன்னால போய் நின்னேன். ஒரு பார்வை பாத்தாரு, 'உள்ள போ'ன்னுட்டாரு."

"அடப்பாவி." வைத்தியர் கட்டிலில் உட்கார்ந்தார். "நட்ட அன்னைக்கு நான் கேட்டேன்ல? 'வேகாத உடம்பு யாராவது இருந்தா வெளிய போங்க, துணி அவிழ்க்கிறவரை வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னு மூணு தடவை கேட்டேன்ல?"

கேட்டார். லாமெய்க்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாவோகென் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, 'இந்த மூஞ்சியைப் பாத்துமா கேக்குறீங்க?' என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பிறகுதான் வைத்தியர் வளைந்த வெள்ளிக் குழாயைப் பையனின் இடது மூக்கில் வைத்து ஊதினார்.

"என் குப்பியில அன்னைக்கு இன்னும் இருபது பேருக்கு விதை இருந்துச்சு," என்றார் வைத்தியர். "உன் மூக்குக்கும் என் குழாய்க்கும் ஒரு சாண் தூரம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கும் ஒரு ஊது. சுரம் வரும், முத்து வரும், நூத்துல ஒருத்தன் ரெண்டு பேரு போவாங்க, மத்தவன் எந்திரிச்சு நடப்பான். நீயும் நடந்திருப்ப."

"அந்தப் பிள்ளைக்கு வந்தது லேசுதானே? பதினொரு முத்துத்தானே?" லாமெய்யின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இவருக்கும் அதே லேசா வரக்கூடாதா?"

"பிள்ளைக்கு லேசா வந்ததுக்குக் காரணம் இருக்கும்மா. புதுப் பொருக்கு வெறிநாய் மாதிரி. நான் அதை ஒரு மாசம் இடுப்புல கட்டி, உடம்புச் சூட்டுலயே வெச்சுப் பல்லைப் பிடுங்குறேன். பல்லுப் போனதோட மல்லுக்கட்டித்தான் பிள்ளை உடம்பு பிடி பழகுது. பழகிருச்சுன்னா நாளைக்குப் பல்லோட வர்றதையும் வாசல்லயே மடக்கிப்போடும். ஆனா மல்லுக்கட்டுற அந்தப் பத்து நாளுல பிள்ளை மூச்சுல, முத்துல இருந்து வெளிய வருது பாரு, அதுக்குப் பல்லு மறுபடி முளைச்சிரும். அதுக்குத்தான் வேகாதவனை வெளிய அனுப்புறது. இவன் உடம்புக்குப் பிடியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"இப்ப நடுங்க. இப்ப ஊதுங்க."

"இனி நட்டு என்ன செய்ய? முளைக்க ஏழு நாள் ஆகும். இவனுக்கு மூணு நாள் முன்னாடியே முளைச்சிருச்சு."

"பிழைப்பாரா?"

வைத்தியர் பாவோகென்னின் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார். தோலுக்கடியில் நாவற்பழம் நசுங்கியது போலக் கருநீலம். ஈறு விளிம்பில் ரத்தம். சட்டையை இழுத்து மூடினார். "முத்து மேல எழும்பி வந்தா நல்லது," என்றார். "இவனுக்கு எழும்ப மாட்டேங்குது. உள்ளயே கருக்குது."

கூட்டத்தைக் கெங் அக்கா விரட்டினாள். வைத்தியர் முற்றத்தில் போய் நின்றார். லாமெய் புருசன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஒம்போது வருசம்," என்றாள்.

"ம்."

"எங்கிட்டகூடச் சொல்லல."

"மொத வருசம் சொல்லிரலாம்னு இருந்தேன். உங்கப்பாரு போற இடமெல்லாம் 'எம்மருமகன் வெந்தவன், எம்பொண்ணுக்கு இனிப் பயமில்ல'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. உனக்கு மொதல்ல பேசி வெச்சவன் அம்மையில போனவன்ல. அதுக்கப்புறம் வாய் வரல."

"அவர் கேட்டாரு தழும்பு. நான் கேட்டேனா?"

"கேக்கல."

"பிள்ளைக்கு நடுற அன்னைக்காவது ஏதாவது சாக்குச் சொல்லிட்டு விறகுப் படகுல போய்ப் படுத்திருக்கலாம்ல? தூ அண்ணன் மாதிரி வாசலோட நின்னிருக்கலாம்ல?"

அவன் கண்ணை மூடினான். "வெந்த அப்பன் பிள்ளையை விட்டுட்டு ஓடுனா ஊரு என்ன கேக்கும்? அதுவும் போக, அவன் என்னைத் தேடி அழுதான், லாமெய். ரெண்டாம் நாளு நான் விறகு எடுக்கப் போனதுக்கே அழுதான். ஒம்போது வருசமா வராதது இப்பவா வரப்போகுதுன்னு நெனச்சேன். முகத்துல இருக்கே, இருக்கேன்னு நெனச்சு நெனச்சு எனக்கே நெசமாத் தோணிப்போச்சு."

அப்போதுதான் அவளுக்குத் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை உறைத்தது. தூ அண்ணன் மாதிரி. இருபது நாளும் கிணற்றுக்கு இந்தப் பக்கம் வராத தூ.

"உங்களுக்குச் சுட்டது யாரு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தூ அண்ணனா? அவரும் வேகாதவரா?"

"சொல்லிராத. வேலை போயிரும்."

முற்றத்திலிருந்து வைத்தியர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெண்டு நாள் சுரத்தோட இவன் கொட்டகையில படுத்திருந்தான்ல? பக்கத்துல யாரு?"

"ஒரு பக்கம் தூ. இன்னொரு பக்கம் சௌ," என்றான் பாவோகென்.

வைத்தியர் விரலை மடக்கி எண்ணினார். "முந்தாநாள், அதுக்கு மொத நாள். அப்பக் காலம் இருக்கு. காத்துல ஒட்டுன அம்மை முளைக்கப் பன்னெண்டு நாள் ஆகும். என் விதை ஏழு நாள்ல முளைக்கும். இன்னைக்கே நட்டா என்னோடது முந்திக்கும். முந்துனது எதுவோ அதுகிட்டதான் உடம்பு பிடி கத்துக்கும். நாளைக்கு, நாளன்னைக்குன்னு விட்டா எனக்குத் தெரியாது."

லாமெய் எழுந்தாள். பாவோகென் அவள் சட்டை நுனியைப் பிடித்தான். பிடி பிள்ளையின் பிடி போல இருந்தது. "என்னை விட்டுட்டுப் போறியா?"

"வந்துருவேன். அக்கா இருக்கா."

சூளைக் களத்தில் தூறல் நின்று புகைமூட்டம் தரையோடு கிடந்தது. ஆட்கள் வரிசையாக மண்கூட்டு அடுக்குகளைத் தோளில் ஏற்றி, ஒரு கை இடுப்பில் ஒரு கை அடுக்கில், மூச்சுவிடாமல் நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போய் வருகிறவன் உடம்பிலிருந்து ஆவி பறந்தது. ஃபெங் மேஸ்திரி உடைந்த கூடுகளின் குவியல்மேல் நின்று வைதுகொண்டிருந்தார்.

"பொம்பளை களத்துக்குள்ள வரக்கூடாது! சூளைக்கு ஆகாது! வைத்தியரே, இதென்ன கூத்து?"

லாமெய் நேரே தூவிடம் போனாள். அவன் தோளில் முழு அடுக்கு இருந்தது.

"அவருக்கு அம்மை," என்றாள். "கருத்த அம்மை."

தூவின் தோளில் அடுக்கு ஆடியது. அவன் அதைக் கீழே இறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க அப்படியே நின்றான். "சத்தமாப் பேசாத," என்றான்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அவரை உள்ள விட்டுட்டு நீங்க கிணத்தடியில நின்னீங்க."

"சொன்னேன் தாயி. காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். 'பிள்ளை அழுவான்'ன்னான்."

"வைத்தியர் வந்திருக்காரு. இன்னைக்கே நட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்க."

"நான் ஒருத்தன்னா வந்துருவேன்." அவன் குரல் உள்ளே போயிற்று. "இங்க இன்னும் ஆறு பேருக்கு நான் சூடு வெச்சிருக்கேன். ஆறு பேரும் உன் புருசன் கூடத்தான் படுத்தாங்க. ஒருத்தனைப் பத்தி ஒருத்தனுக்குத் தெரியாது. பாவோகென்னுக்கும் தெரியாது."

ஆறு. லாமெய் திரும்பி அந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாம் தழும்பு முகம். எது எது?

"என்னடா அங்க ரகசியம்?" மேஸ்திரி குவியலிலிருந்து இறங்கினார். "பாவோகென்னுக்கு என்ன?"

"அம்மை," என்றார் வைத்தியர். "அவன் வேகாதவன். தழும்பு சுட்டுக்கிட்டது. ரெண்டு நாள் உங்க பலகையில படுத்திருக்கான்."

நடந்துகொண்டிருந்த வரிசை நின்றது. மேஸ்திரி ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தார். "அந்த மலைக்காட்டுப் பயலா? என்னையே ஏமாத்திட்டானே! சரி, அவன் தலையெழுத்து. என் ஆளுங்களுக்கு என்ன? எல்லாம் வெந்தவனுங்க. டேய், நடங்கடா! பொழுது போகுது!"

ஒருத்தனும் நடக்கவில்லை.

"வேகாதவங்க யாராவது இருந்தா வெளிய வாங்க," என்றாள் லாமெய். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னாள், கத்தினாள். "இன்னைக்கு நட்டா பிழைப்பீங்க. அங்க வந்து பாருங்க, எம்புருசன் தோலுக்குள்ள கருகிக்கிட்டுக் கிடக்கான். அவனும் உங்க மாதிரித்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தான்!"

புகை மட்டும் நகர்ந்தது. தூ குனிந்து தன் அடுக்கைத் தரையில் இறக்கினான். இறக்கிய சத்தம் களம் முழுக்கக் கேட்டது.

"நான் வேகாதவன், மேஸ்திரி," என்றான். "பதினைஞ்சு வருசமா."

மேஸ்திரியின் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது, ஏனென்றால் தூவுக்குப் பின்னால் இன்னொருத்தன் அடுக்கை இறக்கிக்கொண்டிருந்தான். பிறகு இன்னொருத்தன். முகத்தை நிமிர்த்தாமல், விறகு இறக்குகிறவர்கள் மாதிரி ஒவ்வொருத்தனாக வந்து தூவின் பக்கத்தில் நின்றார்கள். தூ உதட்டுக்குள் எண்ணினான். ஆறு வந்தது. அத்தோடு நிற்கும் என்று அவன் மூச்சுவிட்டான். நிற்கவில்லை. ஏழு, எட்டு. அவன் கை படாத முகங்கள். சௌவும் வந்தான். சூளைக் கணக்கப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி வந்தான். ஒருத்தன் தழும்பைச் சுண்ணாம்பில் போட்டுக்கொண்டதாகச் சொன்னான், ஒருத்தன் கொதிக்கிற எண்ணெய். வைத்தியர் குப்பியின் மூடியைத் திறந்தவர் திறந்தபடி நின்றார்.

இருபத்தைந்து பேரில் பதினாலு பேர் இந்தப் பக்கம் நின்றார்கள். மேஸ்திரி மீதி இருந்த பதினொரு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் உடைந்த கூடுகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். "யாரை நம்பிடா நான் இத்தனை வருசம் இதுக்குள்ள நெருப்பு வெச்சேன்?" என்றார்.

லாமெய் வீடு திரும்பியபோது மதியம் சாய்ந்திருந்தது. கெங் அக்கா தலையணையில் ரத்தம் பட்ட துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். லாமெய்யைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

பாவோகென்னின் கண் வெள்ளை சிவந்து போயிருந்தது. ஆனால் பார்த்தான். "தூ?"

"நட்டாச்சு."

"வேலை?"

"வேலைக்கென்ன. அவரோட சேத்துப் பதினாலு பேரு நட்டுக்கிட்டாங்க. கொட்டகையில பாதிக்கு மேல சுட்டுக்கிட்ட மூஞ்சிதான். பதினாலு பேரையும் துரத்திட்டு மேஸ்திரி யாரை வெச்சு அடுக்குவாரு? நட்டு முடிச்சு வாங்கடான்னுட்டாரு."

அவன் புரியாதவன் போலப் பார்த்தான். "பதினாலா?"

"பதினாலு."

"சௌவுமா?"

"சௌவும்தான்."

"அவன்தானே போன வருசம் விறகுக்காரன் ஒருத்தனை, வேகாத வாடை அடிக்குதுன்னு தண்ணிப் பானையைத் தொடவிடாம விரட்டுனான்?" சிரிக்கப் பார்த்தான். ஈறிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் துடைத்தாள். "பக்கத்துலயே படுத்திருந்தான்," என்றான். "ஒவ்வொரு ராத்திரியும் நான் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன். கண்டுபிடிச்சிருவானோன்னு. அவனும் அந்தப் பக்கம் திரும்பித்தான் படுப்பான். நானும் தூவும் மட்டும்தான்னு நெனச்சேன், லாமெய்."

அவள் போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள்.

வாசலில் கால் சத்தம் கேட்டது. கெங் அக்கா வீட்டிலிருந்து தப்பி வந்த ஷிதோ கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான். முகம் மாறிக் கிடக்கிற அப்பனைப் பார்த்துத் தயங்கினான்.

"வராத! கிட்ட வராத!" பாவோகென் கையைத் தூக்கித் தடுத்தான். தூக்கிய கை பாதியில் நின்றது. லாமெய்யைத் திரும்பிப் பார்த்தான். கேள்வியாகப் பார்த்தான்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் அவள்.

"நெசமாவா?"

"நெசமா. அவன் வெந்தவன்."

பாவோகென் கையை இறக்கிப் பாயில் தனக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டினான். பையன் வந்து ஏறிப் படுத்துக்கொண்டான்.